கரும்புத் தொட்டிலின் முன்பக்கம்

தம்பி, நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதி உன் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. நேற்று சாயங்காலம்தான் போனில் பேசினோம். உனக்குச் சளி, மருமகளுக்கு ஆபீசில் வேலை ஜாஸ்தி, பாப்பா தரையில் கிடக்கிற எதையும் விடாமல் வாயில் போட்டுக்கொள்கிறாள், எல்லாம் தெரிந்துகொண்டேன். போனை வைக்கிற நேரத்தில், "நைனா, தேருக்கு லீவு போட்டுட்டேன். தொட்டிலுக்கு முன்பக்கம் நீங்கதான், ஞாபகம் இருக்குதில்ல?" என்று கேட்டாய். "ஆமாண்டா, வா வா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆமாவை நான் சொல்லியிருக்கக் கூடாது. என்னால் தொட்டில் சுமக்க முடியாது தம்பி. ஏன் முடியாது என்பதை முழுசாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து, "அப்படியெல்லாம் ஒண்ணும் ஆவாது நைனா" என்பாய். எனக்கும் அழுகை வந்துவிடும். இப்போதெல்லாம் எனக்குச் சட்டென்று அழுகை வருகிறது. அதற்கும் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். காலை வெயில் உடம்பில் பட வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு. எதிரே மலை. ராத்திரி பெய்த மழையில் நனைந்து, பாதிக்கு மேல் மேகத்துக்குள் போய்விட்டது. மேகம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்கப் பார்க்க மேகம்தான் நிற்கிறது, மலைதான் மெல்ல நகர்ந்து போகிறது என்று தோன்றுகிறது. நம் அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன் நான். இந்த மலையை இப்படி உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. எப்போதும் ஏதோ ஒரு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கீழே பாதையில் நாலைந்து பேர் கிரிவலம் போகிறார்கள். அவர்கள் பேசுவது மேலே வரும்போது வெறும் முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. கேட்டுக்கொண்டே இருந்தால் தூக்கம் வருகிறது.

நான் நேர்ந்துகொண்ட கதை உனக்குப் பாதிதான் தெரியும். உங்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத அந்த வருஷங்களில், எந்த விசேஷத்துக்குப் போனாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒருத்தர் கேட்பார், "இன்னா, மருமக எதுனா சேதி சொன்னாளா?" உன் அம்மா சிரித்துச் சமாளிப்பாள். எனக்கு அந்தப் பொறுமை ஏது? "உங்க வூட்டு சேதியைப் பாருங்க" என்று வெட்டிவிட்டு, கை கழுவக்கூட நிற்காமல் வந்திருக்கிறேன். அப்படி ஒரு கார்த்திகை. தேர் அன்று பெரிய தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தோம். கரும்பைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் நனைத்த புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, உள்ளே பிள்ளையைப் போட்டுக்கொண்டு, முன்னால் புருஷன், பின்னால் பெண்டாட்டி, தோளில் சுமந்து மாட வீதி சுற்றி வந்தார்கள். ஒரு ஜோடி போக, பின்னாலேயே அடுத்த ஜோடி. புடவைக்கு வெளியே ஒரு சின்னப் பாதம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ, கோபுரத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "அண்ணாமலையாரே, என் பிள்ளைக்கு ஒரு பிள்ளையைக் குடு. நானே என் தோள்ல சுமந்துகினு வர்றேன்." பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் அம்மா முழங்கையால் இடித்தாள். "பெத்தவங்க சுமக்கிறதுங்க அது. சாமிகிட்ட போயும் நீங்களே முந்திக்கணுமா?" "சொல்லிட்டேம்மே. கிழிச்சுக் குடுத்த டிக்கெட்டு, திரும்ப ஒட்ட முடியாது" என்றேன். கண்டக்டர் புத்தி எங்கே போகும்?

சாமி காதில் அது விழுந்தது. ஆனால் மருமகள் குளிக்காமல் இருக்கிறாள் என்று நீ போன் செய்வதற்கு முன்னாலேயே எனக்கு வேறு ஒரு சேதி வந்துவிட்டது. ராத்திரியில் ஒண்ணுக்குப் போக எழுந்து எழுந்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தம் எடுத்து, சதை எடுத்து, புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். நீ லீவு போட்டு ஓடி வந்தாய். ஊசி போட்டால் கட்டுக்குள் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதும் உன் முகத்தில் ரத்தம் ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஊசி என்ன செய்யும் என்று அவர் சொன்னபோது நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தாய். "ஐயா, ஆம்பளைங்களுக்குன்னு ஒரு ஹார்மோன் சுரக்குதில்ல, இந்த நோய் அதைத் தின்னுதான் வளருது. அதை நிறுத்திட்டா நோய் பட்டினி கிடக்கும்." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். நோய் நிஜமாகவே அடங்கிவிட்டது. நீ போனில் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் "ரத்த டெஸ்ட் எல்லாம் கம்மியா இருக்குதுடா" என்பது பொய்யே இல்லை. அதற்குப் பிறகு இருப்பதைத்தான் சொல்லவில்லை.

சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. ஒரு அப்பன் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வான்? ஆண்பிள்ளை என்று நான் எதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேனோ, அது ஒவ்வொன்றாக இறங்கிப் போய்விட்டது. மார்பு பூசினாற்போல் ஆகிவிட்டது, தொட்டால் வலிக்கிறது. ஆசை என்ற ஒன்று எந்த ஸ்டாப்பில் இறங்கியது என்றே தெரியவில்லை. மார்கழிப் பனியில் திடீரென்று கழுத்திலிருந்து காது வரைக்கும் குபுகுபுவென்று சூடு ஏறும். சட்டையைக் கழற்றி விசிறிக்கொள்வேன். உன் அம்மா எழுந்து ஃபேனைப் போட்டுவிட்டுச் சிரிப்பாள். "வாங்க வாங்க, எங்க கட்சிக்கு வந்துட்டீங்களா? எனக்கு மாசாமாசம் வர்றது நின்னப்ப இதேதான். அப்போ போர்வையை இழுத்து மூடிக்கினு முறைச்சீங்களே." முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டிவி நாடகத்தில் யாரோ யாரையோ வீட்டைவிட்டுத் துரத்தினால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூக்கைச் சிந்துகிறோம். நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

மத்தியானத்தில் கண் அசந்தால் ஒரே கனவு. பஸ் மலையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. சீட்டெல்லாம் காலி. நான் படிக்கட்டில் நிற்கிறேன். காற்று அடிக்கிறது, என் சட்டை உப்புகிறது, கால் படியைவிட்டு மெதுவாக மேலே வருகிறது. பயமே இல்லை. என் உடம்புக்குள் எதுவுமே இல்லாததுபோல அவ்வளவு லேசாக இருக்கிறது. டிரைவர் திரும்பிப் பார்க்காமல், "விசில் குடுப்பா" என்கிறார். விசில் வாயில் இருக்கிறது, ஊதினால் சத்தம் வரவில்லை, பஸ் போய்க்கொண்டே இருக்கிறது, நான் மரக்கிளைகளுக்கு மேலே மிதந்துகொண்டு நம் வீட்டு மாடியைத் தேடுகிறேன். விழித்துப் பார்த்தால் வேப்பமர நிழல் சுவரில் ஆடிக்கொண்டிருக்கும். எழுந்திருக்க மனசே வராது. இந்தக் கனவை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "லேசாதான் ஆயிருக்குது ஐயா" என்றார்.

அதற்கு முன்னால் நான் விழுந்ததைச் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் கையில் கட்டுப் போட்டிருந்தேனே, சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேனே, சைக்கிளும் இல்லை ஒன்றும் இல்லை. வாசலில் காயப்போட்ட துண்டை எடுக்கப் போய், ஈரத்தில் கால் கொஞ்சம் வழுக்கியது. விழக்கூட இல்லை, கையை ஊன்றினேன், அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. எனக்கு வலியைவிட ஆச்சரியம்தான் ஜாஸ்தி. செங்கம் லைனில் கூட்டமான பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவன்டா நான். டிரைவர் சடன் பிரேக் போட்டால் பஸ்ஸே முன்னால் சாயும், நான் மட்டும் நட்டுவைத்த மாதிரி நிற்பேன். புதிதாக வந்த கண்டக்டர்களுக்கு, "காலை அகட்டி நில்லு, பூமாதேவி பாத்துக்குவா" என்று பாடம் வேறு எடுத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் சொந்த வாசலில், ஒரு துண்டுக்காகக் கையை முறித்துக்கொண்டேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? சைக்கிள் என்றால் கொஞ்சம் கௌரவம்.

கட்டுப் போட்ட டாக்டர், "இவ்ளோ லேசா விழுந்ததுக்கே உடைஞ்சிருக்குதே" என்று சந்தேகப்பட்டு ஊசி போடுகிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அவர், "எலும்பை ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்" என்றார். அவ்வளவுதான், நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ஆஸ்பத்திரி நடையில் உன் அம்மா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பிறகுதான் டாக்டரம்மா புரியவைத்தார். நோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு ஸ்கேன், அது முன்னாலேயே எடுத்ததுதான், சுத்தமாக இருந்தது. இது எலும்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்க்கிற ஸ்கேன். "எலும்போட கெட்டி ரொம்ப கம்மியாயிடுச்சு ஐயா. நாம நோயைப் பட்டினி போடணும்னு எதை நிறுத்தினோமோ, எலும்பும் அதையே நம்பித்தான் இருந்தது." நோய் பரவவில்லை என்ற சந்தோஷத்தில் உன் அம்மா அங்கேயே கும்பிடு போட்டாள். நான் எலும்பு விஷயத்தைக் காதில் சரியாகவே வாங்கவில்லை. நடக்க வேண்டும், காலை வெயில் வேண்டும், பால், கேழ்வரகு, கீரை, ஒரு மாத்திரை, பீடி இருந்தால் அதை விட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். "எடை தாங்குற மாதிரி பயிற்சி பண்ணணும். எடை தாங்கினாதான் எலும்பு கெட்டிப்படும்."

தம்பி, அந்த ஒரு வார்த்தையை நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன் தெரியுமா? எடை தாங்க வேண்டும். என் தோளில் பாப்பா வரப்போகிறாள். அண்ணாமலையாரே டாக்டரம்மா வாயால் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு திட்டம் போட்டுவிட்டேன். கட்டு பிரித்துக் கை தேறியதும், தோட்டத்தில் கிடந்த சவுக்குக் கழியை எடுத்துக் கழுவி, உன் அம்மாவின் பழைய நூல் புடவையைத் தொட்டிலாகக் கட்டினேன். பாப்பாவின் எடை என்ன என்று உன்னிடம் அப்போதுதான் கேட்டேன். நீ பேத்தி மேல் ஆசை என்று நினைத்துக்கொண்டாய். அந்த எடைக்கு அரிசியை ஒரு பையில் போட்டுக் கட்டி, தொட்டிலில் வைத்தேன். "இன்னா கூத்து இது?" என்று கேட்டாள் உன் அம்மா. "பயிற்சிம்மே. டாக்டரம்மா எடை தாங்கச் சொல்லிச்சு. நீ பின்னால பிடி." தலையில் அடித்துக்கொண்டாள், ஆனாலும் பிடித்தாள்.

பொழுது விடிந்தும் விடியாத வேளை. மலைக்கு மேலே வானம் பால் கலந்த மாதிரி இருந்தது. வீட்டைச் சுற்றித் தினமும் நடந்தோம். முன்னால் நான், பின்னால் அவள், நடுவில் அரிசிக் குழந்தை. மாட்டுக் கொட்டகை எங்களுக்கு அம்மணி அம்மன் கோபுரம், தண்ணீர்த் தொட்டி எங்களுக்குப் பெரிய தெரு. உன் அம்மா முதல் நாள் சிரித்துக்கொண்டே வந்தாள். அடுத்தடுத்த நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. மெல்லிய குரலில் ஏதோ தாலாட்டு மாதிரி முனகினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாள். பனியில் புடவை நனைந்து மஞ்சள் வாசனை வந்தது. எனக்கு அது அரிசி என்பதே மறந்துவிட்டது. பாப்பா தூங்குகிறாள், ஆட்டாமல் நடக்க வேண்டும் என்று பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். கல்யாணமான புதிதில்கூட நானும் உன் அம்மாவும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோமா என்று சந்தேகமாக இருக்கிறது.

அப்புறம் ஒரு காலையில் தொட்டிலைத் தோளுக்கு ஏற்றக் குனிந்து நிமிர்ந்தேன். நடு முதுகில் ஏதோ ஒன்று உட்கார்ந்த மாதிரி இருந்தது. சத்தம் இல்லை, விழவும் இல்லை. மூச்சுதான் அப்படியே நின்றுவிட்டது. "இறக்கு" என்றேன். என் குரலைக் கேட்டே அவள் பயந்துவிட்டாள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கி இறங்கியிருந்தது. "இன்னா ஐயா தூக்கினீங்க?" என்று கேட்டார். நான் நியாயம் பேசினேன். "நீங்கதானேம்மா எடை தாங்கணும்னு சொன்னீங்க. அதான் பழகினேன்." அரிசி, புடவை, கழி எல்லாவற்றையும் உன் அம்மா ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, உங்க கால் உங்க உடம்போட எடையைத் தாங்கணும்னு சொன்னேன். நடக்கிறது, படி ஏறுறது, நின்னுகினே செய்யுற பயிற்சி. அதைத்தான் அப்படிச் சொன்னேன். என் மேலயும் தப்பு இருக்குது, இன்னும் விளக்கமா சொல்லியிருக்கணும்." அவர் மேல் என்ன தப்பு? என் காதில் பேத்தி உட்கார்ந்திருந்தாள், அவர் சொன்னது எப்படி ஏறும்?

இப்போது எலும்புக்கென்று தனியாக ஒரு ஊசி. அதைப் போடுவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் போய் வரச் சொன்னார்கள். வியாதி ஓரிடம், உடைந்தது ஓரிடம், வாயைத் திற என்கிறார்களே என்று கத்தினேன். சொத்தைப் பல் இருந்து, ஊசி போட்ட பிறகு பிடுங்கினால் தாடை ஆறாதாம். பல்லைப் பார்த்து, ஒன்றைப் பிடுங்கி, அது ஆறிய பிறகுதான் ஊசி போட்டார்கள். குனிந்து எதையும் தூக்கக் கூடாது, தோளில் எதையும் ஏற்றக் கூடாது, கூட்டத்தில் இடிபடக் கூடாது, விழவே கூடாது. நம் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் இருக்கிறதே, பார்க்கத் தடியாக இருக்கும், ஆள் ஏறினால் சொல்லாமல் முறியும். நான் இப்போது அந்த ஜாதி.

முதுகு வலியை நான் பொறுத்துக்கொண்டேன் தம்பி. நேர்த்திக்கடனைத்தான் பொறுக்க முடியவில்லை. சாமியிடம் ஒரு வார்த்தை கொடுத்து வாங்கிய பிள்ளை அவள். கொடுத்தவன் கைவிரித்தால் அவளுக்கு எதுவும் ஆகிவிடுமோ? பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நீ போன மாதம் சொன்னபோது நான் மாடியில் வந்து உட்கார்ந்து நடுங்கினேன். இது படித்த உனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் பட்டது, என்ன செய்ய? அதனால்தான் நேற்று நீ கேட்டபோது ஆமாம் என்றேன். மனசுக்குள் ஒரு கணக்கு. வலிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, ஒரே ஒரு சுற்று சுற்றிவிடலாம். அதற்குப் பிறகு எந்தக் கட்டை உடைந்தால் என்ன, என்னோடு போகட்டும்.

உன் அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் கேட்டாள், "இன்னா ஆமா? எதுக்கு ஆமா?" சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதில் ஜெயித்தும் இருப்பேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நீங்க விழுறீங்க. உங்க முதுகு உங்களோடது, உடைச்சிக்குங்க. தொட்டிலு உங்க தோள்லதானே இருக்குது? அதுக்குள்ள இருக்கிறது யாரு?" என்றாள். இவ்வளவு நாள் உட்கார்ந்து யோசித்ததில் என் எலும்பு, என் வார்த்தை, என் சாமி என்றே யோசித்திருக்கிறேன். நான் விழுந்தால் பாப்பா விழுவாள் என்பது என் புத்தியில் படவே இல்லை. அப்போது புடவைக்குள் இருந்தது அரிசி, தேர் அன்று இருக்கப் போவது அவள். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது, அது ஊசியின் சூடு இல்லை.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். என் புருஷனுக்கு வாய் ஜாஸ்தின்னு அவருக்கும் தெரியும்" என்றாள். மலை இருட்டிக்கொண்டு வந்தது, அவள் எழுந்து விளக்குப் போடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அவன் தோளு மட்டும் யார் குடுத்ததாம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவன் என்றது உன்னைத்தான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை, இருந்தாலும் அப்பன் என்றால் சொல்லித்தான் தீர வேண்டும். உனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம், என் அப்பாவுக்கு இந்த நோய் என்று ஒரு வார்த்தை சொல்லி வை. எந்த வயசில் என்ன பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதே. உன் சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் வாசனை வருவது ஏன் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த சிகரெட்டை விடு. லேப்டாப்புக்கு முன்னால் கூன் போட்டு உட்காருவதைக் குறைத்து வெயிலில் நட. எந்த டாக்டர் எந்த மருந்து கொடுத்தாலும், இது எதைக் கொடுக்கிறது என்று மட்டும் கேட்காதே, எதை எடுத்துக்கொள்கிறது என்றும் கேள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுகிற பழக்கம் நம் வம்சத்தில் என்னோடு நிற்கட்டும். இன்னொன்று, நீ கேட்டுச் சிரிப்பாய். மருமகளிடம் பலசாலியாகவே நடித்துக்கொண்டிருக்காதே. ஒரு நாள் ஃபேனைப் போட எழுந்து வருகிறவள் அவள்தான்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். தேர் அன்று வேண்டாம். அந்த நெரிசலில் கைக்குழந்தையும் வேண்டாம், நானும் வேண்டாம். கொடியேறிய பிறகு, தேருக்கு முன்னால் ஒரு காலையில் போவோம், வீதி காலியாக இருக்கும். கரும்பு நான் பார்த்து வைக்கிறேன், தூக்க மாட்டேன், கடைக்காரரே கொண்டுவந்து போடுவார். புடவைக்கு மஞ்சள் நனைக்கிற வேலை உன் அம்மாவுடையது. தொட்டிலுக்கு முன்பக்கம் நீ பிடி. பின்பக்கம் மருமகள் பிடிக்கட்டும். நான் உங்கள் பின்னால் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். எல்லாரும் வெறுங்காலோடு போவார்கள், நான் வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டுதான் வருவேன், யார் என்ன கேட்டாலும் உன் அம்மா பதில் சொல்லிக்கொள்வாள். என் நடை இப்போது ரொம்ப மெதுவு. நீங்கள் கோபுரத்தைத் தாண்டும்போது நான் நாலு கடை பின்னால் இருப்பேன். அதற்காக நீ நிற்காதே. நைனா வருகிறாரா என்று திரும்பிப் பார்க்காதே. நீ திரும்பினால் தோள் திரும்பும், கரும்பு திரும்பும், தொட்டில் ஆடிப் பாப்பா விழித்துக்கொள்வாள். நான் வந்துகொண்டுதான் இருப்பேன். நீ நேராகப் பார்த்து நட.

நைனா